ரூபிகானைக் கடப்பது எப்படி: சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் ஓடும் ரூபிகான் ஆற்றின் பேரைக் கேட்டதும் காவிரி, கோதாவரி மாதிரி எதையாவது மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். ஒரு ஜூன் விடுமுறையில் அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு போய் அந்த ஆற்றுப் பாலத்தின் மேல் நிறுத்தினேன். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். "ஏம்ப்பா, இதுக்கா பதிமூணு மணி நேரம் உக்காந்து வந்தோம்? நம்ம புளோக்குக்குப் பின்னால ஓடுற லோங்காங் இதைவிட அகலம்."

சாக்கடையோடு ஒப்பிட்டாலும் அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் நான் மறுபடி போவேன். ஆற்றை மட்டும் பார்க்கப் போனால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆற்றைக் கையில் பிடித்த கயிறு மாதிரி வைத்துக்கொண்டு அது கடலில் சேருகிற இடம்வரை போய், அங்கிருந்து கடற்கரை ஊர்களில் ஏறி இறங்கினால் நாலு நாள் போவதே தெரியாது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதப்போகிறேன், நாங்கள் பட்ட பாடுகளையும் சேர்த்து.

கதையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். கி.மு. 49 ஜனவரியில் ஜூலியஸ் சீசர் பதின்மூன்றாம் லீஜியன் என்ற படைப்பிரிவோடு இந்த ஆற்றங்கரைக்கு வந்து நின்றார். ஆற்றுக்கு வடக்கே அவர் ஆளுநராக இருந்த மாகாணம், தெற்கே இத்தாலி. படையோடு தெற்கே காலெடுத்து வைத்தால் அது ரோம் மீதே போர் தொடுப்பது என்று அர்த்தம். தெரிந்தேதான் வைத்தார். பகடையை உருட்டியாகிவிட்டது என்று அப்போது சொன்னதாகப் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். எதிர்ப்பக்கம் இருந்தது யார் என்று பார்த்தால் ரோமானியத் தளபதி பாம்பே, ஒரு காலத்தில் சீசரின் சொந்த மருமகன். மகள் ஜூலியா இறந்த பிறகு அந்த உறவு தேய்ந்துபோனது. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யாரோ நான் யாரோ என்று நம் ஊரில் சொல்வார்களே, இங்கே மாமனார் மருமகன், அவ்வளவுதான் வித்தியாசம். வேடிக்கை என்னவென்றால், சீசர் அந்தப் போரைப் பற்றித் தானே எழுதிய குறிப்பில் இந்த ஆற்றின் பெயரே வராது. ரவென்னாவிலிருந்து நேரே ரிமினிக்கு வந்துவிடுவார்.

எப்போது போவது? நம் பள்ளிகளின் ஜூன் விடுமுறை இதற்கென்றே வைத்தது போல அமைந்திருக்கிறது. மே கடைசியில் கடற்கரைக் குடைகள் எல்லாம் விரித்தாகிவிடும், தண்ணீர் சூடேறத் தொடங்கியிருக்கும், ஆனால் இத்தாலிக்காரர்கள் ஊரோடு கிளம்பி வரும் ஆகஸ்ட் கூட்டம் இருக்காது. ஆகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை நாள், அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். டிசம்பரில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் பாதி ஓட்டல்கள் பூட்டியிருக்கும், கடல்காற்று எலும்பில் குத்தும். இருந்தாலும் பக்கத்துக் கடற்கரை ஊரான செசெனாத்திகோவில் மட்டும் கால்வாயில் நிற்கும் பழைய படகுகளின் மேல் ஆளுயரப் பொம்மைகளை நிறுத்தி கிறிஸ்துமஸ் குடில் வைப்பார்கள், அதற்காகப் போகலாம்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள்வரை விசா வேண்டாம். நிரந்தரவாசியாக இருந்து கையில் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விசாவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே உட்கார வேண்டும். மிலானுக்கும் ரோமுக்கும் இங்கிருந்து நேரடி விமானம் உண்டு, இந்தப் பயணத்துக்கு மிலான்தான் வசதி. மிலானிலிருந்து ரிமினிக்கு விரைவு ரயிலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். வாடகைக் கார் வேண்டவே வேண்டாம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுக்க வேண்டும், பழைய நகர்ப்பகுதிகளில் கேமரா வைத்து அபராதம் போடுவார்கள், அந்தக் கடிதம் நாம் தேக்கா வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கு வரும்.

இப்போது கவனமாகப் படியுங்கள், எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. இந்த வட்டாரத்தில் ரயில் பாதை இரண்டு. ஒன்று பொலோன்யாவிலிருந்து உள்நாட்டு வழியாக ரிமினி வரும் பெரிய பாதை, செசேனா, சவின்யானோ எல்லாம் அதில்தான். இன்னொன்று ரவென்னாவிலிருந்து கடலை ஒட்டி வரும் சின்னப் பாதை, செர்வியா, செசெனாத்திகோ, காத்தேயோ, பெல்லாரியா என்று ஒவ்வொரு கடற்கரை ஊராக நின்று நின்று வரும். இரண்டும் சேரும் இடம் ரிமினி. வரைபடத்தில் சவின்யானோவும் காத்தேயோவும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து ஒரே ரயிலில் போகலாம் என்று நினைத்து, நான் ரிமினி நிலையத்தில் பெட்டிகளோடு இரண்டு முறை நடைமேடை மாறி ஓடினேன். அதனால் ரிமினியிலோ செசெனாத்திகோவிலோ ஒரே இடத்தில் நாலு இரவு தங்கிவிடுங்கள், பெட்டியை இழுத்துக்கொண்டு திரியாதீர்கள். ரிமினியிலிருந்து சவின்யானோ கால் மணி நேரம், செசெனாத்திகோ அரை மணிக்குச் சற்று மேல்.

டிக்கெட் விஷயம் ஒன்று. காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை குத்த வேண்டும். ஈசி-லிங்க் பயண அட்டையைத் தட்டித் தட்டிப் பழகிய கைக்கு இது தோன்றவே தோன்றாது. டிக்கெட் வாங்கியாச்சே, அப்புறம் என்ன என்று ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டோம். பரிசோதகர் வந்தார், டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மகனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார், அப்புறம் என்னிடம் அபராதச் சீட்டை நீட்டினார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக் காசு அதோடு போச்சு.

சரி, ஆற்று நாள். காலையிலேயே கிளம்பிச் சவின்யானோ சுல் ரூபிகோனேயில் இறங்குங்கள், 'ரூபிகான் மேலுள்ள சவின்யானோ' என்று அர்த்தம். ஆனால் இந்தப் பெயர் புதுசு. 1933 வரை இந்த ஆற்றை எல்லாரும் பியுமிச்சீனோ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதாவது குட்டி ஆறு. ரோம் விமான நிலையமும் அதே பெயர்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம். சீசர் கடந்த ஆறு எது என்று பல நூற்றாண்டுகளாகவே மூன்று ஊர்க்காரர்களுக்குள் சண்டை. செசேனா பக்கம் பிஷ்ஷாத்தெல்லோ, பெல்லாரியா பக்கம் உசோ, நடுவில் இது. இரண்டாயிரம் வருடத்தில் ஆறுகள் தடம் மாறிவிட்டன, சமவெளியில் விவசாயத்துக்காக வாய்க்கால்களையும் இஷ்டத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள், யார் என்னவென்று சொல்வது? கடைசியில் முசோலினி அரசு இதுதான் ரூபிகான் என்று அறிவித்தது, ஊர்ப் பெயரும் மாறியது. ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தக் கட்சியிலும் சேர வேண்டாம், பாலம் நன்றாக இருப்பது இங்கேதான், அதனால் இங்கே போங்கள்.

ஊர் நடுவில் மூன்று வளைவுள்ள ரோமானியப் பாலம், பக்கத்தில் சீசர் சிலை. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை பாலத்தைத் தகர்த்துவிட்டது, போருக்குப் பிறகு திரும்பக் கட்டினார்கள். நடக்கும்போது திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள், செசேனா பக்கமிருந்து ரிமினி பக்கம் நடந்தால்தான் சீசர் போன திசை. மாற்றி நடந்தால் நீங்கள் படையை விட்டு ஓடுகிறவர். என் மகன் மூன்று தடவை கடந்தான், இரண்டு தடவை படையெடுப்பு, ஒரு தடவை ஓட்டம். எண்ணிப் பார்த்ததில் அவன் காலுக்கு ஐம்பது காலடிக்குள் முடிந்துவிட்டது. மழை பெய்த மறுநாள் என்பதால் தண்ணீர் தே தாரிக் நிறத்தில் இருந்தது. ரூபிகான் என்ற பெயருக்கே செந்நிறம் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அப்பெனைன் மலையடிவாரத்துச் செம்மண்ணையும் களிமண்ணையும் கரைத்துக்கொண்டு வருகிற ஆறு, பெயர் பொருத்தம்தான்.

மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே சொலியானோ என்ற ஊரில் ஆகஸ்டில் பாலாடைக்கட்டியை மண்குழிக்குள் இறக்கி மூடிவைத்து நவம்பரில் தோண்டி எடுப்பார்கள். கருவாட்டு வாசனைக்குப் பழகியவர்கள் தைரியமாகச் சாப்பிடலாம்.

பாலத்திலிருந்து கடல் சுமார் பத்து கிலோமீட்டர். சைக்கிள் கிடைத்தால் அதுதான் சிறந்தது. எல்லாம் சமதரை, பீச் தோட்டமும் காய்கறி வயலும் மாறி மாறி வரும், பொங்கோல் நீர்வழியில் ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் பயமில்லை. வாடகைக்கு எடுக்கும்போது பிரேக்கை அங்கேயே அழுத்திப் பாருங்கள், எனக்குக் கிடைத்த வண்டியில் பின் பிரேக் அலங்காரத்துக்கு மட்டும் இருந்தது. நேரம் இருந்தால் வழியில் சான் மவுரோ பஸ்கோலியில் நில்லுங்கள். 1855இல் கவிஞர் ஜொவான்னி பஸ்கோலி பிறந்த வீடு அங்கே காட்சியகமாக இருக்கிறது. அவருக்குப் பதினொரு வயது இருக்கும்போது, 1867 ஆகஸ்ட் 10 அன்று, சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அவர் அப்பாவை யாரோ சுட்டுக்கொன்றார்கள். குற்றவாளி பிடிபடவே இல்லை. இப்போது வருடா வருடம் அதே தேதியில் ஊரில் ஒரு பொய் நீதிமன்றம் கூட்டி, வரலாற்றில் யாராவது ஒருவரை விசாரணைக்கு இழுத்து, கூடியிருக்கும் ஜனங்களையே ஓட்டுப் போட வைக்கிறார்கள். இதே சின்ன ஊரில்தான் செர்ஜியோ ரோசி, ஜுசெப்பே சனோட்டி போன்ற பெரிய பெயர்களின் பெண்கள் காலணிகள் செய்யப்படுகின்றன. ஆர்ச்சர்ட் ரோட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நாம் விலை பார்த்துவிட்டு நகர்ந்துபோகிற செருப்புகள்.

ஆறு கடலில் சேருகிற இடத்தில் இந்தப் பக்கம் காத்தேயோ, அந்தப் பக்கம் சவின்யானோவின் கடற்கரைப் பகுதி. சீசர் சிலை கிடையாது, பெருமை பேசும் பலகை கிடையாது, சின்னச் சின்னப் படகுகள் கட்டியிருக்கும், கற்களின் மேல் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள் இருப்பார்கள். எனக்குப் பாலத்தைவிட இந்த இடம்தான் பிடித்தது. அம்மாவும் இங்கேதான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றார். காத்தேயோ பக்கத்துச் சந்தாஞ்செலோவில் பிறந்தவர்தான் செக்கொந்தோ கசாதேயி, ஜோடி ஜோடியாக ஆடும் லிஷ்ஷோ நடன இசையை நாடெங்கும் கொண்டுபோனவர். சாயங்காலம் சதுக்கத்தில் வாத்தியம் தொடங்கினால் எழுபது வயதுக்காரர்கள் கோடு போட்ட மாதிரி சுற்றி ஆடுவதைப் பார்க்கலாம்.

கடற்கரை முறை நமக்குப் புதிது. ஈஸ்ட் கோஸ்ட் மாதிரி துண்டை விரித்து உட்கார முடியாது. மணல் முழுக்கத் தனியாருக்கு உரிமம் கொடுக்கப்பட்ட துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும் பெயரும் உண்டு, 'பான்யோ' என்பார்கள். குடைக்கும் சாய்வு நாற்காலிக்கும் நாள்வாடகை கொடுக்க வேண்டும், முதல் வரிசை விலை அதிகம், பின்னால் போகப் போகக் குறையும். காசு கொடுக்க மனமில்லை என்றால் 'ஸ்பியாஜா லீபெரா' என்று எழுதிய இலவசப் பகுதியைத் தேடுங்கள், ஆற்று முகத்துவாரங்களை ஒட்டி இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் மாலத்தீவுப் படங்களில் வருவது மாதிரி நீலக் கண்ணாடியாக இருக்காது, கலங்கலாகத்தான் இருக்கும். ஆனால் ரொம்ப தூரம்வரை இடுப்பளவுதான், அலையைத் தடுக்கக் கல்வரிசை போட்டிருப்பதால் குழந்தைகளை விட்டுவிட்டுக் கொஞ்சம் மூச்சு விடலாம். ஓட்டலில் ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களும் முஸ்லிம் நண்பர்களும் இந்தப் பத்தியை விடாதீர்கள். இந்த ஊர்ச் சாப்பாடு பியாதீனா. கல்லில் சுட்ட ரொட்டி, சப்பாத்தியைவிடக் கனம், ரிமினியில் மெலிசாகவும் செசேனா பக்கம் தடிமனாகவும் இருக்கும். கோடு போட்ட சின்னச் சின்னக் கடைகளில் நம் கண் முன்னாலேயே தேய்த்துச் சுட்டுத் தருவார்கள். உள்ளே கீரை, வெண்ணெய் மாதிரி வழியும் ஸ்குவாக்குவெரோனே பாலாடைக்கட்டி என்று என்ன வைத்தாலும், மாவிலேயே பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுதான் பழைய முறை. ரொட்டி சைவம்தானே என்று வாங்கிவிடாதீர்கள். "சென்சா ஸ்ட்ருட்டோ" என்றால் கொழுப்பு இல்லாமல், "கொன் ஓலியோ" என்றால் எண்ணெயில். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆலிவ் எண்ணெயில் பிசைந்தது பல கடைகளில் தனியாகவே உண்டு. அம்மாவுக்கு நாங்கள் முதல் நாள் வாங்கியது கொழுப்பு போட்டது என்று இரண்டாம் நாள்தான் தெரிந்தது, இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. கீரை வைத்து அரைவட்டமாக மடித்த 'கஸ்ஸோனே' கறிபாப்புக்குத் தூரத்துச் சொந்தம், அதையும் கேட்டு வாங்குங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை, நெத்திலியைக் கம்பியில் வாட்டிப் பியாதீனாவில் வைத்துத் தருவது இந்தக் கரையின் விசேஷம். மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை கடைகள் அநேகமாக மூடிக்கிடக்கும், ராத்திரிச் சமையல் ஏழரைக்கு மேல்தான். பசி தாங்காத அம்மாக்களுக்குக் கைப்பையில் முறுக்கு அவசியம்.

மூன்றாம் நாளை முழுசாகச் செசெனாத்திகோவுக்குக் கொடுங்கள். ஊருக்கு நடுவில் ஒரு துறைமுகக் கால்வாய், 1502இல், அப்போது இந்த வட்டாரத்தை ஆண்ட சேசரே போர்ஜியாவுக்காக லியனார்டோ டாவின்சி வந்து இதை அளந்து வரைந்திருக்கிறார். படகு அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி தண்ணீரிலேயே மிதக்கிறது. காவி, மஞ்சள், செங்கல் நிறத்தில் பாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பச் சின்னம், கடலில் தூரத்திலிருந்தே யார் படகு வருகிறது என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரிவதற்காக. பழைய சரக்குப் படகின் மூக்கில் இரண்டு பக்கமும் கண் வைத்திருப்பதை மகன்தான் முதலில் பார்த்தான். "அப்பா, போட் கீயில ஓடுற படகு மாதிரியே இருக்கு!" நம் பம்போட்டுகளுக்கும் கண் உண்டே. அங்கே நின்றபடி அவனுக்கு நம் ஆற்றுக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. சிங்கப்பூர் ஆறு மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் நீளம். ஆரம்ப காலத்தில் கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றிவந்த படகுத்தொழிலில் பெரும்பங்கு சூலியாக்கள் என்ற தமிழ் முஸ்லிம்கள் கையில்தான் இருந்தது. 1983இல் தொங்காங் படகுகளை எல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டு ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். அம்மாவுக்கு அந்த நாற்றம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கிளார்க் கீ பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவாராம். "நம்ம ஆத்துல ஒரு படகைக்கூட இப்படி வெச்சுக் காட்டல பாரு" என்றார். லோங்காங் என்று கேலி செய்த அதே வாய்தான்.

கால்வாயிலிருந்து ஒரு சந்து தள்ளி கொன்செர்வே சதுக்கம், மீனைக் கெடாமல் வைக்கப் பனிக்கட்டி நிரப்பிய ஆழமான வட்டக் குழிகளைப் பார்க்கலாம். சைக்கிள் பித்து உள்ளவர்கள் ரயில் நிலையத்தை ஒட்டிய மார்கோ பந்தானி காட்சியகத்துக்குப் போவார்கள், 1998இல் இத்தாலிச் சுற்றையும் பிரான்ஸ் சுற்றையும் ஒரே வருடத்தில் வென்றவர், இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை. கடற்கரையில் 1958இல் கட்டிய 35 மாடிக் கட்டடம் ஒன்றைப் பெருமையாகக் காட்டுவார்கள். வீவக வீட்டில் ஐம்பது மாடி பார்த்த பிள்ளைகளிடம் அது எடுபடாது.

கடைசி நாள் ரிமினி. கி.மு. 27இல் எழுப்பிய அகஸ்டஸ் வளைவு, கி.பி. 21இல் முடித்த திபேரியஸ் பாலம், இரண்டுக்கும் நடுவே நேர்கோடாக ஒரே தெரு, பாதி வழியில் மூன்று தியாகிகள் சதுக்கம். ஆற்றைக் கடந்து வந்த சீசர் படையிடம் பேசிய இடம் என்று அங்கே ஒரு கல் நட்டிருக்கிறார்கள். இருபது நிமிட நடைதான், வெயில் ஏறுமுன் முடித்துவிட்டுப் திரைப்பட இயக்குநர் ஃபெல்லினி பிறந்த ஊர் என்பதற்காக வைத்திருக்கும் அவர் காட்சியகத்துக்குள் போய்க் குளிர்சாதனத்தில் உட்காருங்கள்.

மிலானுக்குத் திரும்பும் ரயில் அந்தப் பெரிய பாதையில்தான் போகும், சவின்யானோ நிலையத்தை ஒட்டி ரூபிகானையும் கடக்கும். விரைவு ரயில் அங்கே நிற்காது, ரிமினி விட்டு ஏழெட்டு நிமிடத்தில் ஜன்னலோரம் தயாராக இருங்கள். நானும் மகனும் மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம், பச்சையாக ஒரு கோடு வந்தது, போய்விட்டது. அம்மாவைத் தட்டி எழுப்புவதற்குள் வயல் வந்துவிட்டது.